மன்னன் இறந்த மறுநாள்: ஒரு கணினி விளையாட்டு உணர்த்தும் மத்தியகால வரலாறு

பேரரசுகளின் வரலாறு நமக்குப் பெரும்பாலும் போர்க்களங்களின் வரலாறாகவே சொல்லப்பட்டு வந்துள்ளது. எந்த மன்னன் எந்த நாட்டை எந்த ஆண்டில் வென்றான் என்பதைப் பாடசாலைப் பருவத்திலேயே மனனஞ் செய்தோம். வென்ற நாடு அவன் கண்மூடிய மறுநாள் யார் கையில் இருந்தது என்ற கேள்வியை எமது பாடப்புத்தகங்கள் அரிதாகவே எழுப்பின. பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்களுக்கோ அந்தக் கேள்வி நன்கு பழக்கமானது. ஒரு நாட்டின் தலைவர் மறைந்தார் என்ற செய்தி வந்ததும் ஆசிரியபீடத்தில் எழும் முதற்கேள்வி 'அடுத்தது யார்?' என்பதுதான். அந்தக் கேள்வியையே நடுநாயகமாகக் கொண்டு ஒரு கணினி விளையாட்டு உருவாக்கப்பட்டிருக்கிறது. அதில் வெற்றிபெற முயலும் இளைஞர்கள் தம்மையறியாமலே மத்தியகால அரசியலின் மிகக் கடினமான பாடத்தைக் கற்கிறார்கள்.

'குருசேடர் கிங்ஸ்', அதாவது சிலுவைப்போர் மன்னர்கள் என்பது அந்த விளையாட்டின் பெயர். சுவீடனின் ஸ்டொக்ஹோம் நகரிலுள்ள பரடொக்ஸ் நிறுவனம் இதனை வெளியிட்டது. முதற் பதிப்பு 2004 இலும், இரண்டாவது 2012 இலும், மூன்றாவது 2020 இலும் வெளிவந்தன. மூன்றாவது பதிப்பு வெளியானபோது ஆட்டத்தை 867 ஆம் ஆண்டிலோ 1066 ஆம் ஆண்டிலோ தொடங்கலாம் என்றும், 1453 இல் அது முடிவடையும் என்றும் வகுக்கப்பட்டிருந்தது. ஏனைய போர் விளையாட்டுகளில் நாம் ஒரு நாட்டையோ படையையோ இயக்குகிறோம். இங்கே நாம் இயக்குவது ஒரு மனிதனை. அவன் மணம் முடிப்பான், நோயுறுவான், முதுமையடைந்து இறப்பான். அவன் இறந்த கணத்தில் ஆட்டம் அவனுடைய வாரிசின் கைக்கு மாறுகிறது. ஆட்டத்தைத் தொடர அந்தக் குலத்தில் வாரிசு எவருமே இல்லையெனில் எத்தனை நாடுகளை வென்றிருந்தாலும் ஆட்டம் அத்துடன் முடிந்தது.

ஆகவே, இந்த ஆட்டத்தில் வெல்வதற்கான வழிகளை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று மண்ணைச் சேர்ப்பது. மற்றையது சேர்த்த மண்ணைச் சிதறாமல் அடுத்த தலைமுறையிடம் கொடுப்பது. முதலாவது எளிது என்பதையும் இரண்டாவது மிக அரிது என்பதையும் புதிதாக ஆடுபவர் தமது முதல் மன்னன் இறக்கும்போது கண்டுகொள்கிறார்.

மண்ணைச் சேர்க்கும் வழி

புதிதாக ஆடுபவர்களுக்கு மூன்றாவது பதிப்பின் பயிற்சிப் பகுதி அயர்லாந்தின் மன்ஸ்டர் பகுதியை ஆண்ட சிற்றரசன் ஒருவனைக் கொடுக்கிறது. சுற்றிலும் அவனைப் போன்ற சிற்றரசர்களே இருப்பதால் பேரரசு ஒன்றினால் விழுங்கப்படும் ஆபத்து குறைவு. ஆனாலும், நினைத்தவுடன் அயலவன்மீது படையெடுத்துவிட முடியாது. அந்த மண்ணின்மீது ஓர் உரிமைக்கோரிக்கை இருக்கவேண்டும். அரசவைக் குருவானவரை அனுப்பி, ஆவணங்களைத் 'தேடி' எடுத்து அக்கோரிக்கையை உருவாக்கலாம். உரிமையுள்ள குலத்தில் பெண்ணெடுத்துப் பேரப்பிள்ளைகளின் காலத்தில் அதை அடையலாம். திருமணம் என்பது இங்கே படைக்கூட்டணியும் ஆகும். வலிமைமிக்க சம்பந்தி ஒருவர் கிடைத்தால் பாதிப் போர் முடிந்ததற்குச் சமம்.

இவை வெறும் கற்பனைகள் அல்ல. 1066 இல் நோர்மண்டிக் கோமகன் வில்லியம் இங்கிலாந்தின்மீது படையெடுத்தபோது வாளை மட்டும் நம்பிப் போகவில்லை. எட்வேர்ட் மன்னன் தனக்கு முடியை வாக்களித்தான் என்றும், ஹரோல்ட் தனக்குச் சத்தியம் செய்து கொடுத்தான் என்றும் வாதிட்டான். பாப்பரசர் இரண்டாம் அலெக்சாந்தரின் ஆதரவும் அவனுக்கு இருந்ததாக நோர்மன் தரப்பு வரலாற்றாசிரியர் எழுதிவைத்தனர். ஒக்டோபர் 14 ஆம் திகதி ஹேஸ்டிங்ஸ் களத்தில் ஒரே நாளில் போர் முடிந்தது. ஆனால், அந்த ஒரு நாளுக்கு முன்னர் உரிமைக்கோரிக்கை என்ற அத்திவாரம் போடப்பட்டிருந்தது.

அனுபவமுள்ள ஆட்டக்காரர் சொல்லும் இன்னொரு புத்திமதியும் உண்டு. வென்ற மண் அனைத்தையும் தானே நேரடியாக ஆளமுயலக் கூடாது. ஒருவன் நேரடியாக ஆளக்கூடிய மாவட்டங்களுக்கு அவனுடைய நிர்வாகத் திறனுக்கேற்ப ஒரு வரம்பு இருக்கிறது. அதை மீறினால் வருமானம் குறையும். மிகுதியைப் பிரபுக்களுக்கு வழங்கவேண்டும். வழங்கினால் அவர்கள் வலுப்பெற்றுச் சதிசெய்வார்கள், வழங்காவிட்டால் பகைப்பார்கள். நிலமானிய அமைப்பின் முழுச் சிக்கலும் இந்த ஒரு விதியில் அடங்கிவிடுகிறது.

பங்கீடு என்னும் பகை

இப்படியெல்லாம் சேர்த்து வைத்தபின் மன்னன் இறக்கிறான். ஆட்டத்தின் முற்பகுதியில் பெரும்பாலான அரசுகளில் நடைமுறையிலிருப்பது பங்கீட்டு முறை. மூன்று மகன்மார் இருந்தால் நாடு மூன்றாகும். மூத்த மகனுக்கே முழுவதும் என்ற சட்டம் 13 ஆம் நூற்றாண்டுக்கு முன்னர் பெரும்பாலோருக்குக் கிடைப்பதில்லை. தந்தை திருமணங்களால் கட்டிய கூட்டணிகள் அவனோடு கலைந்துபோகக்கூடும். புதிய மன்னனைப் பிரபுக்கள் மதிப்பதில்லை. தம்பிமார் ஒவ்வொருவருக்கும் அரியணைமீது உரிமை இருக்கிறது. நேற்றுவரை பேரரசாக இருந்தது இன்று மூன்று பகை நாடுகள்.

இதற்கு ஆட்டக்காரர் கண்டுபிடித்த உபாயங்களில் முதன்மையானது, மன்னன் பட்டத்துக்கு மேலாகப் பேரரசன் பட்டம் ஒன்றைப் பெறுவதாகும். அப்படிச் செய்தால் இளைய மகன்மார் மன்னர்களாகப் பிரிந்தாலும் பேரரசனாகிய மூத்தவனுக்கு அடங்கியே இருப்பர். இது புதிய யுக்தி என்று எண்ணுபவர்கள் பிராங்கியப் பேரரசின் கதையைப் படிக்கவேண்டும்.

சார்லமேன் 800 ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று உரோமில் பேரரசனாக முடிசூட்டப்பட்டான். 806 இல் அவனே தன் நாட்டை மூன்று மகன்மாருக்கும் பங்கிட்டு ஆவணம் எழுதினான். 810 இலும் 811 இலும் இருவர் இறந்தமையால் எஞ்சிய லூயி 814 இல் முழுவதையும் பெற்றான். பேரரசு காப்பாற்றப்பட்டது மதியூகத்தினால் அல்ல, மரணத்தினால். லூயி தந்தையிலும் முன்யோசனை உள்ளவன். மூத்தவன் லோத்தர் பேரரசன், இளையவர்கள் அவனுக்குக் கீழ்ப்பட்ட மன்னர்கள் என்று 817 இல் சட்டம் வகுத்தான். ஆட்டக்காரர் கண்டுபிடித்த அதே யுக்தி! ஆனால், 823 இல் இரண்டாவது மனைவி யூடித் ஓர் ஆண்மகவைப் பெற்றாள். சார்ள்ஸ் என்ற அந்தப் பிள்ளைக்கும் பங்கு வேண்டுமென்று தந்தை சட்டத்தைத் திருத்த முற்பட்டபோது மூத்தவர்கள் 830 இலும் 833 இலும் கிளர்ந்தெழுந்தனர். 840 இல் லூயி இறந்தான். அடுத்த ஆண்டு பொந்தெனுவாவில் சகோதரர் படைகள் ஒன்றையொன்று வெட்டிச் சாய்த்தன. 843 இல் வேர்டன் உடன்படிக்கையால் பேரரசு மூன்றானது. பிற்காலத்துப் பிரான்சும் ஜேர்மனியும் அந்தப் பிரிவினையில்தான் வேர்கொண்டன.

வில்லியத்தின் குடும்பத்திலும் இதுவே நடந்தது. 1087 இல் அவன் இறந்தபோது மூத்தவன் றொபேர்ட்டுக்கு நோர்மண்டியும், அடுத்தவன் வில்லியம் றூபஸுக்கு இங்கிலாந்தும் கிடைத்தன. இளையவன் ஹென்றிக்கு மண் இல்லை, வெள்ளிப் பணம் மட்டுமே. இறுதியில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டவன் அந்த இளையவன்தான். 1106 இல் தமையனைச் சிறைப்பிடித்தான். றொபேர்ட் 1134 இல் இறக்கும்வரை 28 ஆண்டுகள் சிறையிலேயே இருந்தான். ஆனால், ஹென்றியின் ஒரே சட்டபூர்வமான மகன் 1120 இல் 'வெண்கப்பல்' மூழ்கியபோது மாண்டான். மகள் மற்றில்டாவை ஏற்பதாகப் பிரபுக்கள் சத்தியம் செய்திருந்தும், 1135 இல் ஹென்றி இறந்ததும் மருமகன் ஸ்டீபன் முடியைக் கைப்பற்றினான். இங்கிலாந்து ஏறத்தாழ 19 ஆண்டுகள் உள்நாட்டுப் போரில் சிக்குண்டது.

உயிருள்ளபோதே கொடுத்தவர்கள்

இதற்கு மாறாக, வாரிசுரிமையையே பிரதான ஆயுதமாக்கி வென்ற குலம் ஒன்றும் ஐரோப்பாவில் இருந்தது. 987 இல் பிரான்சின் மன்னனாகத் தெரிவுசெய்யப்பட்ட ஹியூ கப்பே நேரடியாக ஆண்டது பாரிஸ், ஓர்லியன் ஆகியவற்றைச் சூழ்ந்த சிறு நிலப்பரப்பை மட்டுமே. அவனுடைய பிரபுக்களில் சிலர் அவனைவிட வலிமை மிக்கவர்கள். அவன் புதிய நாடுகளை வெல்லப் புறப்படவில்லை. முடிசூடிய அதே ஆண்டின் இறுதியில், தான் ஸ்பானிய எல்லைக்குப் போருக்குச் செல்ல நேரலாம் என்று காரணங்காட்டித் தன் மகன் றொபேர்ட்டுக்கும் முடிசூட்டுவித்தான். பின்வந்தவர்களில் பெரும்பாலோரும் தாம் உயிரோடிருக்கும்போதே மகனுக்கு முடிசூட்டினர். அந்த வழக்கம் 1179 இல் பிலிப் ஒகஸ்டஸின் முடிசூட்டுவரை நீடித்தது. 1223 இல் பிலிப் இறந்தபோது முன்கூட்டிய முடிசூட்டு இன்றியே மகன் அமைதியாக அரசேறினான். வழக்கம் சட்டமாகிவிட்டது. 1316 வரை தந்தைக்குப் பின் மகன் என்ற சங்கிலி அறுபடவேயில்லை. ஆண்வாரிசு அற்றுப்போன 1328 இன் பின்னர்தான் இங்கிலாந்து மன்னன் பிரெஞ்சு முடிக்கு உரிமை கோரினான். நூறாண்டுப் போர் 1337 இல் மூண்டது.

இந்த விளையாட்டின் வரைபடத்தில் தென்னாசியாவும் உண்டு. இரண்டாவது பதிப்பில் 2014 இல் இந்தியாவும் இலங்கையும் சேர்க்கப்பட்டன. எனவே, 1066 இல் ஆட்டத்தைத் தொடங்குபவர் பொலநறுவையில் சோழராட்சி நிலவிய, உறுகுணையில் விஜயபாகு படைதிரட்டிக்கொண்டிருந்த காலத்துக்குள் நுழைகிறார்.

சோழரின் கடற்படையெடுப்புகளைப் பற்றிப் பெருமிதத்தோடு பேசும் நாம், அவர்கள் கையாண்ட வாரிசுமுறையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. முதலாம் இராசராசன் 1012 இல் இராசேந்திரனை இணையரசனாக்கினான். இராசேந்திரன் 1018 அளவிலேயே தன் மகன் இராசாதிராசனை அவ்வாறு ஆக்கினான். 1054 இல் கொப்பத்துப் போரில் இராசாதிராசன் யானைமீதிருந்தபடி வீழ்ந்தபோது தம்பி இரண்டாம் இராசேந்திரன் களத்திலேயே முடிசூடிப் போரைத் தொடர்ந்தான். மன்னன் மடிந்தும் அரசு மடியவில்லை. ஹியூ கப்பேயும் இராசராசனும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். இருவரும் ஒரே காலத்தில் ஒரே விடையைக் கண்டார்கள். ஆனால், 1070 இல் வீரராசேந்திரன் மறைந்து, அதிராசேந்திரன் சில மாதங்களே ஆண்டு முடிந்ததும் சங்கிலி அறுந்தது. இராசேந்திரனின் மகள்வழிப் பேரனான கீழைச் சாளுக்கியக் குலோத்துங்கன் அரியணை ஏறினான். சோழநாட்டில் இந்தக் குழப்பம் நிலவிய அதே ஆண்டில்தான் விஜயபாகு பொலநறுவையைக் கைப்பற்றினான் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆனால், விஜயபாகுவின் குலமும் இந்தப் பாடத்தைக் கற்கவில்லை. 1110 இல் அவன் இறந்ததும் தம்பிக்கா மகனுக்கா அரசு என்ற பிணக்கு எழுந்து நாடு பிளவுண்டது. 1153 இல் முடிசூடிய முதலாம் பராக்கிரமபாகுவே அதனை ஒன்றாக்கினான். மாபெரும் குளங்களைக் கட்டியவன், பர்மாவுக்கும் பாண்டிநாட்டுக்கும் படை அனுப்பியவன் அவன். ஆட்டத்தின் கணக்கில் உச்சப் புள்ளிகளைப் பெறவேண்டியவன். 1186 இல் அவன் மறைந்தபின் அரசேறிய மருமகன் ஓராண்டே ஆண்டான். நிசங்கமல்லன் 1196 இல் இறந்ததும் அரியணை படைத்தலைவர்களின் விளையாட்டுப் பொருளாயிற்று. பராக்கிரமபாகுவின் விதவை லீலாவதி மூன்று தடவைகள் அரியணையில் அமர்த்தப்பட்டாள். 1215 இல் கலிங்கத்து மாகன் வந்திறங்கியபோது எதிர்த்து நிற்க ஒன்றுபட்ட அரசு அங்கிருக்கவில்லை. குளங்களைக் கட்டிய கை, வாரிசைக் கட்டத் தவறியதன் விலை அது.

விளையாட்டு சொல்லாதது

ஆட்டம் முடிவடையும் 1453 இல் கொன்ஸ்தாந்திநோப்பிளைக் கைப்பற்றிய உதுமானிய சுல்தான் இரண்டாம் மெஹ்மெத் வாரிசுச் சிக்கலுக்கு வேறொரு தீர்வைச் சட்டமாக்கினான். அரியணை ஏறுபவன் உலக ஒழுங்கின் நன்மைக்காகச் சகோதரரைக் கொல்லலாம் என்பதே அது. 1595 இல் மூன்றாம் மெஹ்மெத் அரசேறியபோது 19 சகோதரர் ஒரே தடவையில் கொல்லப்பட்டனர். பேரரசு பங்கிடப்படவில்லை. அரண்மனையிலிருந்து பாடைகள் வரிசையாகப் புறப்பட்டன.

கணினித் திரையிலும் அந்த வழி திறந்தே இருக்கிறது. வேண்டாத மகனை வாரிசுரிமையிலிருந்து நீக்கலாம், துறவியாக்கலாம், சாவு நிச்சயமான போருக்கு அனுப்பலாம். தேர்ந்த ஆட்டக்காரர் இவற்றைத் தயங்காமல் செய்வர். அவர்களுக்கு அது எண்களின் கணக்கு. இந்தக் கணக்கிலே 28 ஆண்டுகள் சிறையிலிருந்த றொபேர்ட்டின் பகல்களும் இரவுகளும் சேரா. மாகன் காலத்தில் வயலைவிட்டு ஓடிய உழவனும் சேரான்.

ஆயினும், ஒரு நன்மையை மறுக்கமுடியாது. எவ்வளவு நிலத்தை வென்றான் என்பதால் ஒரு மன்னனை அளக்கும் பழக்கத்தை இந்த விளையாட்டு உடைக்கிறது. தன்னோடு முடிந்துபோகாத ஓர் ஒழுங்கை அவன் விட்டுச்சென்றானா என்று அது கேட்கிறது. மன்னர்கள் மறைந்து தலைவர்கள் வந்துவிட்ட காலத்திலும் இந்தக் கேள்வி பழசாகவில்லை. ஒரே மனிதனின் கையில் அனைத்தையும் குவித்து, அவனுக்குப் பின் என்ன என்று கேட்பதையே துரோகமாகக் கருதும் எந்த அரசுக்கும், எந்த இயக்கத்துக்கும், எந்தக் கட்சிக்கும் பொலநறுவையின் சிதைவுகள் போதுமான பதிலாகும்.