கூந்தலில் பின்னிய துக்கம்

இரட்டைப் பின்னலும் றிபனுமாய் வளர்ந்தவர்கள் நாம். சீப்பில் வந்த முடியைச் சுருட்டி எறிவதே எம் வீட்டு வழக்கம். சோற்றில் ஒன்று கிடந்தால் மனம் கூசும். ஆனால் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், இறந்தவரின் தலைமுடியை நகையாக்கி அணிவது மதிப்பான துக்க வழக்கமாக இருந்தது.

1861 டிசெம்பர் 14ஆம் திகதி விக்டோரியா மகாராணியின் கணவர் அல்பேர்ட் 42 வயதில் காலமானார். நெருப்புக் காய்ச்சல் என்றனர் வைத்தியர்கள். 1901இல் தாம் இறக்கும்வரை கறுப்பு உடையே உடுத்திய மகாராணி, கணவரின் முடி வைத்த பதக்கத்தையும் அணிந்தார். முன்பே இருந்த வழக்கம் இதனால் மேலும் பரவியது.

அக்காலத்து இங்கிலாந்தில் பிறந்த 1000 குழந்தைகளில் சுமார் 150 குழந்தைகள் ஒரு வயதுக்கு முன்னரே இறந்தன. பல வீடுகளில் புகைப்படமும் இல்லை. முடியோ எளிதில் அழியாது. அது கெரற்றின் என்னும் புரதம்; தோலைவிட்டு வெளிவரும்போதே உயிரற்றது. அதனாலேயே உடல் மண்ணான பின்னும் எஞ்சுகிறது.

முடியைச் சோடா கரைத்த நீரில் கொதிக்கவைத்து எண்ணெய்ப்பசை போக்குவார்கள். சிறு கற்றைகளாகப் பிரித்து, நுனிகளில் ஈயக் குண்டு கட்டி, நடுவே துளையுள்ள வட்ட மேசையைச் சுற்றித் தொங்கவிட்டு, மெல்லிய அச்சின்மேல் பின்னுவார்கள். பின்னலைக் கொதிநீரிலிட்டு உலர்த்தினால் வடிவம் நிலைக்கும். அச்சை உருவிப் பொன் பூண் பொருத்தினால் சங்கிலியோ காப்போ தயார்.

ஆனால் ஒரு பயம் இருந்தது. நகை செய்பவர் வேறு யாருடைய முடியையாவது வைத்துத் தந்துவிட்டால்? பெண்கள் பலர் தாமே பின்னக் கற்றதற்கு இந்த ஐயமும் ஒரு காரணம். 1867இல் அமெரிக்காவில் மார்க் காம்பெலும், 1871இல் இலண்டனில் அலெக்சானா ஸ்பைட்டும் இதற்கான கைநூல்களை வெளியிட்டனர்.

நூற்றாண்டின் இறுதியில் மங்கத் தொடங்கிய இவ்வழக்கம், முதலாம் உலகப் போரோடு பெரும்பாலும் மறைந்தது. இலண்டன் விக்டோரியா அல்பேர்ட் அருங்காட்சியகத்தில் இத்தகைய நகைகள் பாதுகாக்கப்படுகின்றன.

இறந்தவரின் முடியையா அணிவது என்று முகம் சுளிக்க எமக்கு மனம் வரவில்லை. போரில் பிள்ளையைப் பறிகொடுத்து, உடலையும் காணாமல், இடப்பெயர்வில் படங்களையும் இழந்த தாய்மார் எம்மிடையே இருக்கிறார்கள். பிள்ளையின் பள்ளிச் சட்டை ஒன்று மிஞ்சியிருந்தால் அதைத் துவைக்காமல் மடித்து வைத்திருப்பார்கள். அந்த மேசையருகே இருந்து பின்னிய பெண்ணை அவர்களுக்கு நாம் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.