தாழ்த்த முன் தகடுகளை எண்ணுங்கள்

திருநெல்வேலியில் உள்ள எங்கள் கராச்சுக்குப் போன மாதம் ஒரு ஒஸ்ரின் ஏ40 பிக்கப் வந்தது. கொண்டுவந்த தம்பிக்கு இருபது வயதிருக்கும். அப்பப்பாவின் வாகனமாம். "அண்ணை, பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிக்குது, பதிச்சுத் தாங்கோ" என்றார்.

கீழே படுத்துப் பார்த்தேன். வில்லுத் தகடுகளுக்குள் இரண்டு, லொறித் தகட்டை வெட்டிச் செருகியவை. யார் செய்ததென்று கேட்கத் தேவையில்லை. 90களில் நாங்களும் இதையே செய்தோம். பொருளாதாரத் தடைக்குள், சொட்டுப் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம். ஓடிய வாகனங்கள் கொஞ்சம், சுமையோ இரட்டிப்பு. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, தகடு கூட்டாத பிக்கப்புகள் அக்சில் சேசிஸில் இடிக்க இடிக்க நாவற்குழிப் பக்கம் ஊர்ந்ததைக் கண்டிருக்கிறேன்.

ஆகவே இங்கே பழைய பிக்கப்பைத் தாழ்த்த நினைப்பவர்கள் முதலில் கூட்டிய தகட்டைக் கழற்றிப் பாருங்கள். சேசிஸுக்கு முட்டுக் கொடுத்து, தகட்டுக் கட்டை இறுக்கிப் பிடித்த பிறகே நடு ஆணியைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் தெறித்துக் கையைப் பதம் பார்க்கும்.

அதற்கு மேலும் தாழ்த்த வேண்டுமா? வில் அக்சிலுக்குக் கீழே இருந்தால், இரண்டுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து நீளமான புது யூ போல்ற் போடலாம். வில் மேலே இருந்தால் கட்டை வைப்பது வாகனத்தை உயர்த்தும். அங்கே அக்சிலை வில்லுக்கு மேலே ஏற்றி, வில் இருக்கையைப் புதிதாக ஒட்ட வேண்டும். அக்சிலையே தலைகீழாகத் திருப்பினால் முன் கியரில் வாகனம் பின்னால் போகும்! (சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது.) டிபரென்சியலின் மூக்குச் சரிவு மாறினால் ஆப்பு வைத்துச் சரிசெய்யுங்கள், இல்லையேல் சாவ்ற் அதிரும். அக்சில் மேலெழும் இடத்தில் சேசிஸை வெட்ட நேர்ந்தால், வெட்டிய இடத்துக்குத் தடித்த தகடு வைத்துப் பலப்படுத்தாமல் வீதிக்கு எடுக்காதீர்கள். பிறேக் குழாய் இழுபடுகிறதா, உரசுகிறதா என்றும் பாருங்கள்.

காஸால் தகட்டைச் சூடாக்கிப் பதிப்பதை மட்டும் செய்யவேண்டாம். உருக்கின் பதம் போய்விடும், பிறகு ஒரு குழியில் முறியும்.

தம்பியின் பிக்கப் இரண்டு தகடும் கழன்றதும் மூன்று விரல் அளவு தானாகவே இறங்கியது. வெட்டவில்லை, ஒட்டவில்லை. கழற்றியதைப் பழைய இரும்புக்குப் போடவா என்றேன். அப்பப்பாவிடம் கேட்கவேண்டும் என்றார். பின்னேரம் வந்து சாக்கில் சுற்றிக் கொண்டுபோனார்.