குடல்வால் அழற்சி: கோவிட் காலச் சிகிச்சை மாற்றம்

குடல்வால் அழற்சி என்பது பெருங்குடலின் தொடக்கத்தில் விரல்போல் தொங்கும் குடல்வால் வீங்கிச் சீழ்ப்பிடிக்கும் நோய். சிக்கலற்றது, துளை விழுந்தோ சீழ்க்கட்டி கட்டியோ முற்றியது என இருவகைப்படும். நூறாண்டுக்கும் மேலாக அறுவையே இதன் முதல் சிகிச்சையாக இருந்துவந்தது. 2020 மார்ச்சில் பிரிட்டனின் அறுவை மருத்துவக் கல்லூரிகள் இந்த வழக்கத்தை மாற்றின. சிறுதுளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவைக்காக வயிற்றை உப்பவைக்கும் வாயு வெளியேறுகையில் கோவிட் வைரஸ் பரவலாம் என்ற அச்சத்தில், ஆன்டிபயாடிக் சிகிச்சையையோ திறந்த அறுவையையோ பரிந்துரைத்தன. வயிற்றைத் திறந்து பாராமல் மருந்து கொடுக்க நோயை முன்கூட்டி உறுதிசெய்ய வேண்டியிருந்ததால் சி.டி. ஸ்கேன் பெருகியது, நல்ல குடல்வாலை வீணாக அகற்றுவதும் குறைந்தது.

பெருந்தொற்று புதுச் சிகிச்சை எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த சான்றை நடைமுறைக்குத் தள்ளியது. பின்லாந்தின் அப்பாக் ஆய்வில் (2015) மருந்து மட்டும் பெற்றவர்களில் சுமார் 73 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் அறுவை தேவைப்படவில்லை. நோய் திரும்பும் என்ற மறுப்பு வலுவானதே: ஐந்தாண்டுக்குள் 39 விழுக்காட்டினருக்குத் திரும்பியது. ஆயினும் இந்த ஆபத்து எல்லோருக்கும் சமமன்று. அமெரிக்காவின் கோடா ஆய்வில் (2020; 1,552 பேர்) மருந்து பெற்றோரில் 29 விழுக்காட்டினருக்கு 90 நாளில் அறுவை நேர்ந்தது; குடல்வாலுக்குள் மலம் இறுகிய கல் இருந்தவர்களிடம் அது 41 விழுக்காடு. அந்தக் கல்லை ஸ்கேன் காட்டிவிடும் என்பதால் யாருக்கு மருந்து பொருந்தும் எனப் பிரித்தறியலாம். தொற்றுக்காலத்தில் முற்றிய நோயாளிகளின் விகிதம் பல நாடுகளில் உயர்ந்ததற்கு மருந்துச் சிகிச்சையைக் குறைகூறுவது பொருந்தாது. மருத்துவமனைக்கு வர அஞ்சித் தாமதித்தவர்களும், லேசான நோயுடன் வீட்டிலேயே தேறியவர்களும் அந்த விகிதத்தை உயர்த்தியிருக்கலாம்.