சுதந்திரம் என்று பெயர் வைத்த கூலி

என் பெரியப்பா செத்த பிறகு அவருடைய தகரப் பெட்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடைத்தது. அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். பள்ளிக்கூடம் போகிற பையன்களைப் பிடித்து எழுத வைத்திருக்கிறார். எந்தத் தெருவில் சாவு, எத்தனை பேர் அடித்தது, கையில் வந்தது எவ்வளவு, சாராயத்துக்கென்று கழித்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு. பாக்கி என்கிற வரிசைதான் பக்கம் பக்கமாகப் போகிறது. எங்கேயும் அது தீரவில்லை.

பறையைப் பற்றி இன்று பலரும் எழுதுகிறார்கள். ஆதி இசை, விடுதலையின் குரல் என்கிறார்கள். இருக்கட்டும். அடித்தவனுக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்பவர் குறைவு. அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் நம்முடைய வரலாறு வேறு மாதிரி தெரிகிறது.

காசுக்கு முன்னால் நெல் இருந்தது. அறுவடை முடிந்து களத்தில் பொலி அளக்கும்போது தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், வெட்டியான் என்று ஊர் ஊழியம் செய்தவர்களுக்கு ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. கம்பெனி காலத்து வருவாய் ஆவணங்களில் இதற்கு இரண்டு பெயர்கள் வருகின்றன. ஒன்று மேரை. இன்னொன்று சுதந்திரம். ஆமாம், சுதந்திரம்தான். 1947-க்கு வெகுகாலம் முன்பே நமக்குச் சுதந்திரத்தை மரக்காலில் அளந்து போட்டுவிட்டார்கள்!

பெயரில் உரிமை இருக்கிறது. நடைமுறையில் இருந்ததா? வருஷத்துக்கு ஒருமுறை நெல். அந்த வருஷம் ஊரில் இரண்டு சாவு விழுந்தாலும் இருபது விழுந்தாலும் அதே நெல். ஒரு நாள் அடிப்புக்கு இன்ன விலை என்பது கிடையாது. விலை இல்லாத வேலையில் பேரம் இல்லை. பேரம் இல்லாத இடத்தில் 'வரமாட்டேன்' என்ற சொல்லும் இல்லை. பெரியப்பா இதைத் தன் பாஷையில் சொல்வார்:

"நெல்லு வாங்குனவன் வாயத் தொறக்க முடியுமாடா? நடுராத்திரி சாவு விழுந்தாலும் போவணும், காய்ச்சல்ல கெடந்தாலும் போவணும். அது அடிச்சதுக்குக் கூலி இல்ல. நாம அந்த ஊருக்கு ஆளா இருக்கறதுக்குக் கூலி."

இதே கணக்கைத்தான் பாபாசாகேப் அம்பேத்கர் மகர் வதன் முறையில் கண்டார். கொஞ்சம் நிலம், கொஞ்சம் தானியம். அதற்கு ஈடாகக் குடும்பமே இரவும் பகலும் ஊருக்கும் அரசுக்கும் ஊழியம். 1928-இல் பம்பாய் சட்டசபையில் இதைத் திருத்த மசோதா கொண்டுவந்தார். தானியக் கூலியைப் பணமாக மாற்றுவதும், விரும்புகிறவர்கள் ஊழியத்திலிருந்து விடுபட வழி செய்வதும் அதன் நோக்கம். மசோதா நிறைவேறவில்லை. அந்த முறையை ஒழிக்கும் சட்டம் வர 1958 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தானியமா பணமா என்பது வெறும் கணக்குப்பிள்ளை விவகாரம் அல்ல என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் தென்னாற்காட்டில் பறையடிக்க மாட்டோம் என்ற போராட்டத்துக்கு முன்நின்றவர் காட்டுமன்னார்கோயில் இளையபெருமாள். நாடு முழுவதும் தீண்டாமையை ஆராய்ந்து 1969-இல் அறிக்கை தந்த குழுவுக்குத் தலைவராக இருந்தவரும் அவரே. பறையை விட்டவர்கள் கலையை அவமதித்தார்கள் என்று இன்று சிலர் வருத்தப்படுகிறார்கள். அவர்கள் விட்டது கலையை அல்ல, தீராத பாக்கியை.

1976-இல் வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். முன்பணம் வாங்கியதால் மட்டுமல்ல, வழக்கத்தின் பேரால், பரம்பரையின் பேரால், இன்ன சாதியில் பிறந்ததால் கூலியில்லாமலோ பேருக்குக் கூலி வாங்கியோ உழைக்க வேண்டியிருப்பதையும் அது கொத்தடிமை என்கிறது. பிறப்பையே ஒரு கடனாக நடத்துகிறார்கள் என்று சட்டமே ஒத்துக்கொண்ட இடம் அது. பெரியப்பாவின் நோட்டுக்கு இதைவிட நல்ல விளக்கவுரை எனக்குக் கிடைக்கவில்லை.

பிறகு மேடை வந்தது. கலை இரவுகள் வந்தன. 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம் நாட்டுப்புறக் கலைஞர்களைத் தலைநகரின் தெருவுக்கும் பூங்காவுக்கும் கொண்டுவந்தது. 2025-இல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது எங்கள் தெருவில் இனிப்பு கொடுத்தோம். பெருமைதான். ஆனால் மேடையும் ஒரு களத்துமேடாக மாற முடியும். நாங்கள் எட்டுப் பேர் நகரத்து விழா ஒன்றுக்குப் போனோம். பொன்னாடை போட்டார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள். பஸ் காசு கேட்டபோது, "இது உங்க இனத்தோட கலை தோழர், இதுக்குப் போயி காசா?" என்றார்கள். அன்றைக்குத் தினக்கூலியை விட்டுவிட்டு வந்திருந்த எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மரக்கால்தான் மாறியிருக்கிறது, அளக்கிற கை மாறவில்லை.

திரும்பி வந்து பெரியப்பா நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். சாவுக்கு அடிப்பதில்லை என்பது ஏற்கெனவே முடிவானது. இப்போது மூன்று விதிகள் சேர்ந்தன. அச்சாரம் கைக்கு வராமல் பறையைத் தோளில் மாட்டுவதில்லை. கூலியில் சாராயத்தைக் கழிக்க விடுவதில்லை. வந்த பணத்தை எல்லார் முன்னாலும் எண்ணி ஒன்பது பங்கு வைப்பது. ஆசானுக்கும் ஒரு பங்குதான், நேற்று வந்த பெண்பிள்ளைக்கும் ஒரு பங்குதான்.

ஒன்பதாவது பங்கு பறைக்கு. தோல் கிழியும், சட்டம் உடையும். புளியங்கொட்டைப் பசை காய்ச்ச வேண்டும், காய்ச்சிச் சுருதி ஏற்ற வைக்கோல் வேண்டும். பெரியப்பா காலத்தில் இதற்கெல்லாம் கடன் வாங்கினார்கள். அந்தக் கடன்தான் மறுபடி அதே வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனது. முன்பணத்தால் கட்டப்பட்டவர்கள் நாம். இன்று முன்பணம் கேட்டுத்தான் அவிழ்த்துக்கொள்கிறோம்.

அச்சாரம் கேட்டதால் சில அழைப்புகள் நின்றுபோயின. நிற்கட்டும். 'வரமாட்டேன்' என்று சொல்லவும் முடிகிறதே, அதற்கு இன்னொரு பெயர் தேட வேண்டியதில்லை. பழைய நோட்டில் மீதியிருந்த பக்கங்களில்தான் எங்கள் கணக்கை எழுதிவருகிறோம். இப்போது எழுதுவது நாங்களே. பாக்கி என்ற வரிசையை மட்டும் போடவில்லை.