குனிந்து நிமிரும் கணக்கு

1885-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக் கட்டடக் குத்தகைக்காரர் ஒருவரிடம் கொத்து வேலை பழகச் சேர்ந்த பிராங்க் கில்பிரெத் என்னும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு, மாசச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பிரவேசப் பரீட்சையில் தேறியும் அங்கே போய்ப் படிக்க மனமின்றிக் கரணையைக் கையில் எடுத்த அந்தப் பிள்ளைக்கு, ஆரம்பத்திலேயே ஒரு சந்தேகம் மனத்தை அரிக்கத் தொடங்கியது. வேலை கற்றுக்கொடுக்கும் கொத்தனார், பழகுகிறவனுக்குக் காட்டும்போது ஒரு விதமாகச் செங்கல்லை வைக்கிறார். அவசரமாக வேலை ஓடும்போது வேறு விதமாக வைக்கிறார். ஆற அமரச் செய்யும்போது மூன்றாவது விதம். பக்கத்தில் நிற்பவரோ இம்மூன்றிலும் சேராத நாலாவது வழிக்காரர். செங்கல் ஒன்று, சுவர் ஒன்று. வழி மட்டும் ஏன் இத்தனை? மேஸ்திரிகளின் பொறுமையை இந்தப் பிள்ளை மிகவும் சோதித்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

இன்று தொழிலகப் பொறியியல் என்ற பெயரால் கல்லூரிகளில் போதிக்கப்படும் சாஸ்திரத்தின் மூலவர்களைத் தேடுபவர்கள் பெரும்பாலும் பிரெடரிக் டெய்லரின் நிறுத்தற் கடிகாரத்தில் போய் நிற்பார்கள். அது நியாயமே, ஆனால் எனக்கென்னவோ அந்தச் சாரத்தின்மேல் நின்ற பிள்ளையின் கேள்விதான் ஆழமானதாகப் படுகிறது.

காலங்காலமாகக் கொத்தனார்கள் செங்கல்லையும் சாந்தையும் தம் காலடியில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு முறை குனிந்து நிமிர்ந்தார்கள். சுமார் ஐந்து பவுண்டே நிறையுள்ள ஒரு கல்லைத் தூக்குவதற்காகத் தன் முழுத் தேகத்தின் பாரத்தையும் இறக்கி ஏற்றும் இந்தக் காரியத்தை ஒருவன் நாளொன்றுக்கு ஆயிரம் தடவை செய்கிறான் என்பதைத் தலைமுறை தலைமுறையாக யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. கில்பிரெத் நினைத்தார். சுவர் உயர உயரத் தானும் உயரும் சாரம் ஒன்றை அமைத்து, அதில் கல்லும் சாந்தும் இடுப்பளவில் இருக்கும்படி ஒரு மேடையை வைத்தார். கல்லைக் கையில் எடுத்தபின் திருப்பித் திருப்பி நல்ல முகத்தைத் தேடும் வேலையைக் கொத்தனாரிடமிருந்து பிடுங்கி, குறைந்த கூலியுள்ள ஆள் ஒருவர் முன்னதாகவே கற்களைப் பார்த்துப் பொறுக்கி, நல்ல பக்கம் தெரியும்படி மரச்சட்டத்தில் அடுக்கித் தரும்படி செய்தார். சாந்தின் பதத்தையும் விட்டுவைக்கவில்லை. கல்லைக் கையால் அழுத்தினாலே அது சரியாக அமர்ந்துவிடும் பதத்தில் சாந்து இருந்தால், கரணைக் காம்பால் தட்டும் வேலை எதற்கு? இடக்கை கல்லை எடுக்கும் அதே க்ஷணத்தில் வலக்கை சாந்தை எடுக்கட்டும் என்றார். ஒரு கல்லுக்குப் பதினெட்டு அசைவுகள் இருந்த இடத்தில் ஐந்தே மிஞ்சின; மணிக்கு 120 கல் வைத்தவர்கள் 350 கல் வைத்தார்கள். 1909-இல் இவற்றையெல்லாம் தொகுத்து ஒரு நூலாகவே வெளியிட்டார்.

டெய்லர் வேறு ஜாதி மனிதர். செல்வந்தர் வீட்டுப் பிள்ளையாகப் பிறந்து, கண் உபாதையால் ஹார்வர்டில் படிக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, 1878-இல் பிலடெல்பியாவின் மிட்வேல் எஃகு ஆலையில் சாதாரணத் தொழிலாளியாக நுழைந்து மேலேறியவர். தொழிலாளிகள் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்கிறார்கள் என்பது அவருடைய தீராத மனக்குறை. ஒரு நாளின் நியாயமான வேலை எவ்வளவு என்பதை வாதத்தால் அல்ல, கடிகாரத்தால் தீர்க்கலாம் என்று அவர் நம்பினார். பின்னர் பெத்லஹெம் ஆலையில், 92 பவுண்டு எடையுள்ள இரும்புப் பாளங்களை வண்டியில் ஏற்றும் ஆள் நாளுக்குப் பன்னிரண்டரை டன் ஏற்றிய நிலை மாறி நாற்பத்தேழரை டன் ஏற்றியதாகவும், கூலி 1 டாலர் 15 சென்டிலிருந்து 1 டாலர் 85 சென்டாக உயர்ந்ததாகவும் அவரே எழுதினார். ஆலையின் பழைய தஸ்தாவேஜுகளைப் புரட்டிய சரித்திரகாரர்கள் அந்தக் கதையில் அலங்காரம் அதிகம் என்று காட்டியிருக்கிறார்கள். அலங்காரத்தை விலக்கிவிட்டு, அவர் சொன்ன கணக்கையே எடுத்துக்கொண்டாலும், சுமை ஏறக்குறைய நான்கு மடங்காகவும் கூலி ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலாகவும் உயர்ந்ததை எந்தத் தொழிலாளியும் விரல்விட்டுக் கணக்கிட்டுவிடுவான்.

கணக்கிட்டார்கள். 1911 ஆகஸ்டில், மாசச்சூஸெட்ஸில் உள்ள வாட்டர்டவுன் அரசாங்க ஆயுதசாலையின் வார்ப்படத் தொழிலாளிகள், பக்கத்தில் ஒருவன் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேலை செய்யமாட்டோம் என்று சொல்லி வெளியேறினார்கள். விவகாரம் அமெரிக்கக் காங்கிரஸ் வரை போயிற்று; டெய்லரே விசாரணைக் கமிட்டியின் முன் சாட்சி சொல்ல நேர்ந்தது; 1915-இல், அவர் காலமான வருஷத்தில், ராணுவச் செலவுக்கான மசோதாவில் கடிகாரக் கணக்குக்குத் தடை விதிக்கும் ஷரத்து ஒன்று புகுந்தது.

அந்தச் சமயத்தில் கில்பிரெத் கடிகாரத்தை மனிதனின் பக்கத்திலிருந்து எடுத்து, சலனப்படத்துக்குள் வைத்துவிட்டார். வேலை செய்பவரையும் அதிவேகமாகச் சுழலும் கடிகார முள்ளையும் ஒரே படத்தில் பிடித்து, பிற்பாடு ஒவ்வொரு சட்டமாக ஓட்டிப் பார்த்தால் அசைவும் காலமும் சேர்ந்தே அகப்படும் அல்லவா? தேடுதல், பற்றுதல், பிடித்திருத்தல் என்று கை வேலையின் மூல அசைவுகளைப் பிரித்து, அவற்றுக்குத் தம் பெயரைத் தலைகீழாக்கித் 'தெர்ப்ளிக்' என்று நாமகரணமும் செய்தார். இந்த ஆராய்ச்சியில் அவருக்குச் சமமான பங்காளி, மனோதத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்றவரும், பன்னிரண்டு குழந்தைகளைப் பெற்றவருமான அவர் மனைவி லில்லியன். தொழிலாளியின் அலுப்பும் மனநிலையும் கணக்கில் சேர வேண்டும் என்று வற்புறுத்தியவர் அந்த அம்மையார்தான்.

1924 ஜூனில் கில்பிரெத் திடீரென மாரடைப்பால் இறந்தார். அவர் போகவேண்டியிருந்த ஐரோப்பிய மகாநாடுகளுக்குச் சில நாட்களிலேயே லில்லியன் கப்பலேறினார். திரும்பி வந்தபோது, பெண்பிள்ளைக்குத் தொழிற்சாலைகளில் வேலை தரத் தயங்கியவர்கள் பலர். ஆகவே கணவரின் கேள்வியைச் சமையலறைக்குக் கொண்டுபோனார். புரூக்ளின் எரிவாயுக் கம்பெனி ஒன்றுக்காக அடுப்பு, மேஜை, அலமாரி இவற்றை அருகருகே வைத்து அமைத்த மாதிரிச் சமையலறையில், ஸ்ட்ராபெரிப் பழக் கேக் ஒன்றைச் செய்ய நடக்கவேண்டிய அடிகள் 281-லிருந்து 45 ஆகக் குறைந்தன. நாடெங்கும் குடும்பத் தலைவிகள் அதை வியந்து பார்த்தார்கள். அம்மையாரோ சமையலில் அதிகப் பழக்கமில்லாதவர். அவர் வீட்டில் அடுப்பு பெரும்பாலும் வேலைக்காரரின் கையில் இருந்தது.