தந்தை தந்த பெயர், தாய் தந்த வளவு: மட்டக்களப்புப் பறங்கியர் வம்சாவளியை எங்கிருந்து தேடுவது?

மட்டக்களப்புப் பறங்கியர் குடும்பங்களின் வம்சாவளியைத் தேடுவோர் பெரும்பாலும் புளியந்தீவுக் கோட்டையில்தான் தொடங்குகிறார்கள். 1628இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை, அதில் காவலிருந்த ஒரு சிப்பாய், அவனது குடும்பப் பெயர், அப்பெயரைத் தகப்பனிடமிருந்து மகனுக்குக் கைமாற்றி வந்த தலைமுறைகள் என்று அந்தக் கதை போகும். குடும்பங்களுக்குள் பெருமையோடு சொல்லப்படும் கதை இது. அந்தப் பெருமையோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் ஆண்டுக் கணக்கு அதற்கு இடங்கொடுக்கவில்லை.

1638 மே மாதத்தில் வெஸ்டர்வோல்ட் தலைமையில் வந்த ஒல்லாந்தர், கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் படையோடு சேர்ந்து அக்கோட்டையைப் பிடித்தனர். ஆக, மட்டக்களப்பு வாவி சூழ்ந்த அந்தச் சிறு தீவில் போர்த்துக்கேயர் ஆட்சி பத்தே ஆண்டுகள்தான் நின்றது. வென்ற ஒல்லாந்தரும் தொடர்ந்து இருக்கவில்லை. கோட்டை கண்டி அரசனிடம் கைமாறியது. 1660களின் பிற்பகுதியில்தான் அவர்கள் திரும்பி வந்து நிலைகொண்டார்கள். 1795இல் ஆங்கிலேயர் வரும்வரை ஏறத்தாழ நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் ஒல்லாந்தக் கம்பனியே அங்கு இருந்தது. பத்தாண்டுக் காவற்படை ஒன்றின் நேர்வாரிசாக ஒரு முழுச் சமூகத்தையும் கொள்வதைவிட, இந்த நீண்ட காலத்தில் கம்பனிச் சேவையில் வந்தவர்களும், இலங்கையின் பிற துறைமுகங்களிலிருந்து வந்த போர்த்துக்கேய மொழி பேசிய குடும்பங்களும், இந்த மண்ணின் பெண்களும் சேர்ந்து உருவாக்கிய சமூகமாகக் கொள்வதே பொருந்தும்.

குடும்பப் பெயர்களே இதற்குச் சான்று. மட்டக்களப்புப் பறங்கியரிடையே அவுட்ஸ்கூர்ன், ஒக்கர்ஸ் போன்ற ஒல்லாந்தச் சாயல் கொண்ட பெயர்கள் வழங்குகின்றன. அப்பெயர்களை உடைய வீடுகளில் பேசப்பட்டது போர்த்துக்கேயக் கிரியோல் மொழி. தொழுதது கத்தோலிக்கக் கோயிலில். பெயர் ஒரு திசையையும் மொழி மறு திசையையும் காட்டுகின்றன. சமயமோ ஒல்லாந்தர் தடைசெய்திருந்த சமயம். மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1982இல் எழுதிய கட்டுரையில் இந்தச் சிக்கலை விரிவாக எடுத்துக்காட்டினார். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகிறவர், அந்தப் பெயரைத் தாங்கியிருந்த குடும்பத்தைத் தவறவிட்டுவிடுவார் என்பதே அதிலிருந்து நான் எடுக்கும் பாடம்.

பெயர்வழி முறைக்கு இலங்கையில் சட்டப் பின்புலமும் உண்டு. பிரதம நீதியரசர் சர் றிச்சர்ட் ஒட்லி, கோல்புறூக் ஆணைக்குழுவின் காலத்தில் பறங்கியர் யார் என்று விளக்கியபோது, தகப்பன் ஐரோப்பியன் அல்லது ஐரோப்பிய வழிவந்தவன் என்பதையே அளவுகோலாக வைத்தார். தாய் எந்த நாட்டவளானாலும் பிள்ளை பறங்கியர். தகப்பன் இந்நாட்டவனானால் பிள்ளை பறங்கியரல்லர். 1908இல் ஆர். ஜி. அந்தோனிஸ் முதலானோர் கொழும்பில் தொடங்கிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கமும் கம்பனிக் காலத்து முன்னோரிடமிருந்து ஆண்வழியில் இறங்கி வந்ததையே உறுப்புரிமையின் அடிப்படையாக்கியது. அச்சங்கத்தின் சஞ்சிகை பல தசாப்தங்களாக வெளியிட்ட வம்சாவளிப் பட்டியல்கள் பெரும் உழைப்பின் விளைவு. அவற்றைத் தொகுத்த டி. வி. அல்ரென்டோர்ஃப் போன்றோருக்கு இத்துறை கடன்பட்டிருக்கிறது. ஆனால் ஆண்வழிக்கென்று அமைத்த பட்டியலில் மனைவி ஒரு வரியில் வந்து போவாள், அவளது தாய் அந்த வரியிலும் வரமாட்டாள். கிழக்கின் தச்சரும் கொல்லரும் தையற்காரரும் சப்பாத்துத் தைப்போரும் அந்தப் பட்டியல்களின் ஓரத்திற்கே தள்ளப்பட்டார்கள். ‘மெக்கானிக்ஸ்’ என்று இகழ்ந்து சொல்லப்பட்டவர்கள் அவர்கள்தான்.

அமெரிக்காவில் ஆங்கிலேயக் குடியேறிகளின் வம்சாவளி தேடும் மரபை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். பொஸ்ரனில் 1845இல் நிறுவப்பட்ட நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிக் கழகத்தின் காலத்திலிருந்து அங்கே அது ஒரு தேர்ந்த கலையாகவே வளர்ந்திருக்கிறது. 1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்திறங்கிய நூற்றிரண்டு பேரில் கணவன், மனைவி, பிள்ளைகளாகச் சேர்ந்து வந்த குடும்பங்கள் பல இருந்தன. அடுத்த இருபது ஆண்டுகளில் மாசச்சூசெற்ஸ் பக்கம் வந்த ஆயிரக்கணக்கானோரும் பெரும்பாலும் வீட்டோடு வந்தவர்கள். அங்கே தகப்பன் பெயரைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால் தாயும் அதே கப்பலில், அல்லது அடுத்த கப்பலில் தென்படுவாள். கம்பனிக் கப்பல்களில் இலங்கைக்கு வந்தவர்களோ மிகப் பெரும்பாலும் தனி ஆண்கள். அவர்களது குடும்பம் இங்கேதான் தொடங்கியது. நியூ இங்கிலாந்துக்கென்று வளர்ந்த முறையை இந்த வாவிக்கரைக்கு அப்படியே கொண்டுவந்தால் பாதிக் குடும்பம் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

பாதி என்றதுகூடக் குறைத்துச் சொன்னது. 1660களிலிருந்து இன்றுவரை தலைமுறைக்கு முப்பது ஆண்டு வைத்தால் பன்னிரண்டு தலைமுறை. பன்னிரண்டாம் தலைமுறையில் ஒருவருக்கு 4,096 மூதாதையர் இடங்கள் உண்டு. குடும்பப் பெயர் அவற்றுள் ஒன்றை மட்டுமே சுட்டும்.

அந்த ஒன்றைப் பற்றிய ஆவணம் ஏராளமாக இருப்பதுதான் ஆய்வாளரை மயக்குகிறது. ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்திலுள்ள கம்பனிக் கப்பல் சம்பளப் பேரேடுகளில் ஒவ்வொரு சிப்பாயின் பெயரும் அவன் வந்த ஊரும் கப்பலும் சேவை முடிந்த விதமும் எழுதப்பட்டுள்ளன. 1699 தொடக்கம் 1794 வரையான பதிவுகளைக் கணினியிலேயே தேடலாம். அவர்களில் பலர் ஜேர்மன் நாடுகளிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வந்தவர்கள் என்பதையும் அவை காட்டிவிடுகின்றன. ‘ஒல்லாந்தர்’ என்பது பலருக்குச் சம்பளம் கொடுத்தவர் யார் என்பதை மட்டுமே சொல்கிறது. அதே பேரேடு மனைவியைப் பற்றி என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஐரோப்பாவில் விட்டு வந்த மனைவிக்கோ பெற்றோருக்கோ ஆண்டில் சில மாதச் சம்பளத்தைக் கொடுக்கச் சொல்லி எழுதிவைத்திருந்தால் அவர்கள் பெயர் வரும். மட்டக்களப்பில் அவனோடு வாழ்ந்து பிள்ளை பெற்றவளுக்கு அந்தப் பேரேட்டில் பத்தியே கிடையாது. ஆசிய மனைவியையும் பிள்ளைகளையும் ஐரோப்பாவுக்கு அழைத்துச்செல்லக் கம்பனி தடை போட்டிருந்த காலங்களில், மனைவி மக்களை விட்டுப் பிரிய மனமில்லாத பலர் இங்கேயே தங்கினார்கள். அவர்கள் தங்கியதற்குக் காரணமானவளே ஆவணத்தில் இல்லை.

அவள் இருந்ததற்கு மொழி சாட்சி. இயன் ஸ்மித் 1970களில் மட்டக்களப்புக் கிரியோலை ஆராய்ந்து, அதன் சொற்கள் போர்த்துக்கேயமாயினும் வாக்கிய அமைப்பு தமிழை ஒட்டியது என்று காட்டினார். வினை இறுதியில் வருகிறது. வேற்றுமைப் பொருளைத் தரும் உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டுகின்றன. தமிழும் போர்த்துக்கேயமும் ஒரே அடுப்படியில், ஒரே பிள்ளையின் காதில் தலைமுறை தலைமுறையாக விழுந்தாலன்றி இலக்கணம் இவ்வளவு தூரம் கலக்காது. ஒவ்வொரு தாயும் தமிழச்சி என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. சந்தையும் பட்டறையும் கூட இருமொழிக் களங்களே. ஆனால் வீட்டுக்குள் தமிழுக்கு இடமே இல்லாதிருந்தது என்று இனி எவரும் சொல்ல முடியாது.

இந்தத் தாயைத் தேடும் வழியை வெளியிலிருந்து இரவல் வாங்கத் தேவையில்லை. மட்டக்களப்புப் பிரதேசம் தாய்வழியில் ஆளை அடையாளம் காணும் பிரதேசம். படையாண்டகுடி, உலகிப்போடிகுடி, காலிங்காகுடி என்று ஒருவரது குடி தாயிடமிருந்தே வருகிறது; ஒரே குடிக்குள் மணமுடிப்பதில்லை; கோயில் வண்ணக்கர் பதவியும் குடிவழி செல்கிறது. கிறிஸ்தோப்பர் பிறிற்றோ 1876இல் இப்பிரதேசத் தமிழரில் ஒரு சமூகத்தினரான முக்குவரின் சட்டத்தை நூலாகத் தொகுத்தபோது, தாய்வழிச் சொத்துரிமை எவ்வளவு நுணுக்கமாக இயங்கியது என்பது எழுத்தில் பதிவாயிற்று. இங்குள்ள முஸ்லிம்களிடமும் இதே குடி முறை உண்டு. பள்ளிவாசல் மரைக்காயர்மார் குடிவாரியாகத் தெரிவாவது வழக்கம். திமிலர் என்ற போட்டிச் சமூகத்தை எதிர்த்துத் துணைநின்ற, முஸ்லிம்களின் முன்னோராகச் சொல்லப்படும் பட்டாணியருக்கு முக்குவர் பெண் கொடுத்து உறவாக்கிக் கொண்டார்கள் என்பது பிரதேசத்தின் பழங்கதை. அது நடந்த சரித்திரமா என்பது வேறு விவாதம். வெளியிலிருந்து வந்த ஆண்களின் சமூகம் தன் தொடக்கத்தை மணந்த பெண்களின் வழியாகச் சொல்கிறது என்பதே என் கவனத்துக்குரியது. அதே வாவிக்கரையில், அதே விதமாகத் தொடங்கிய பறங்கியர் சமூகம் தன் கதையைக் கப்பலிலிருந்து சொல்லப் பழக்கப்பட்டது. ஒட்லியின் வரைவிலக்கணம் அப்படித்தான் கேட்டது.

பறங்கியருக்குக் குடி இருந்தது என்று நான் வாதிடவில்லை. குடும்பப் பெயரே அவர்களுடைய அடையாளம். 1927இல் தொடங்கிய மட்டக்களப்புக் கத்தோலிக்கப் பறங்கியர் சங்கம் முதற்கொண்டு அந்த அடையாளத்தைப் பேணியவர்களை நான் மதிக்கிறேன். என் வாதம் தேடும் முறை பற்றியது. பெயரைக் கேட்ட பிறகு நிறுத்தாமல், இந்தப் பிரதேசத்தில் எவரும் கேட்கும் அடுத்த கேள்வியையும் கேட்கவேண்டும்: தாய் யார், அவள் எந்த வளவு?

அந்தக் கேள்விக்கு விடை தரும் ஆவணங்கள் உண்டு. 1658க்குப் பின் கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பதே மரண தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. விவாகமும் பிள்ளையின் உரித்தும் சட்டப்படி செல்லுபடியாக, கத்தோலிக்கரும் ஒல்லாந்தச் சபையில் பதியவேண்டியிருந்தது. எனவே 1806இல் ஆங்கிலேய ஆளுநர் மெய்ற்லண்ட் தடைகளை நீக்கும்வரை கத்தோலிக்கக் குடும்பத்தையும் அச்சபைப் பதிவேட்டிலேயே தேடவேண்டும். எழுதியவன் தன் காதுக்கு எட்டியபடி பெயரை எழுதியிருப்பான் என்பதையும், திருமுழுக்கில் பெண்ணின் தமிழ்ப் பெயர் போய் மாரியா, அன்னா என்று ஆகியிருக்கும் என்பதையும் மனத்தில் வைத்தே அதைப் படிக்கவேண்டும். பிற்காலக் கத்தோலிக்கப் பதிவேடுகளில் ஞானத் தாய், ஞானத் தகப்பன் பெயர்கள் இருக்கும்; ஞானத் தாய் பல வேளைகளில் தாய்ப்பக்க உறவாக இருப்பாள். நெருங்கிய உறவில் மணமுடிக்கத் திருச்சபையிடம் விலக்குப் பெற்றிருந்தால், மணமக்கள் எப்படி உறவு என்பதை அந்தக் குறிப்பு ஒரே வரியில் சொல்லிவிடும். பெயர்வழி ஆய்வாளர் ஓரக் குறிப்பென்று கடந்துபோகும் இடங்கள் இவை.

இவற்றினும் வளமானவை காணி உறுதிகள். பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அங்கே அழைத்துக்கொள்வது மட்டக்களப்பு வழக்கம். தாயின் வளவு மகள்மாருக்குப் பிரிந்து, சகோதரிகள் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழ்வதை இங்கே எந்த ஒழுங்கையிலும் காணலாம். பறங்கியர் குடும்பங்கள் இந்த வழக்கத்தை எவ்வளவு தூரம் ஏற்றன என்பதை உறுதிகளை வைத்தே தீர்மானிக்க முடியும். சீதன உறுதியில் தாயின் பெயரும் மகளின் பெயரும் இருக்கும். தாய்க்கு அந்தக் காணி எப்படி வந்தது என்ற உரித்து வரலாறும் இருக்கும். நான்கெல்லையில் அயல் வளவுக்காரரின் பெயர்கள் இருக்கும். வடக்கு எல்லையில் ஒரு குடும்பப் பெயரும் தெற்கு எல்லையில் இன்னொரு குடும்பப் பெயரும் வந்தால் அவர்கள் அந்நியர் என்று பெயர்வழி ஆய்வு முடிவுகட்டும். முந்திய உறுதியை எடுத்துப் பார்த்தால் மூன்று வளவும் ஒரே தாயின் காணியாக இருக்கக்கூடும். மூன்று பெயரும் அவளுடைய மூன்று மருமக்களுடையதாக இருக்கக்கூடும். புளியந்தீவின் பழைய ஒழுங்கைகளுக்கு இப்படி ஒரு வளவு வரைபடம் தயாரித்தால், பறங்கியர் வம்சாவளியில் எந்தப் பெயர்ப்பட்டியலும் தராத இணைப்புகள் தெரியவரும்.

இதைத் தள்ளிப்போட முடியாததற்குக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது டச்பார் பறங்கியர் குடியிருப்பு பேரழிவைச் சந்தித்தது. பலர் மாண்டார்கள், வீடுகளோடு பெட்டிகளில் இருந்த உறுதிகளும் படங்களும் சாட்சிப் பத்திரங்களும் போயின. அதற்கு முன்பே, 1956இன் மொழிச் சட்டத்துக்குப் பின் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட பறங்கியரோடு எத்தனையோ குடும்பக் காகிதங்களும் கப்பலேறிவிட்டன. பதிவுத் திணைக்களத்திலும் பங்குக் கோயில்களிலும் உள்ள பிரதிகளே இனி எஞ்சிய ஆதாரம். அவற்றைக் கணினியில் ஏற்றும் வேலை தொடங்கும்போது, சுட்டியைத் தகப்பனின் குடும்பப் பெயரில் மட்டும் அமைத்துவிட்டால் அதே பழைய மரம்தான் மறுபடியும் முளைக்கும். தாயின் பெயர், தாயின் தாயின் பெயர், ஞானத் தாய், வளவின் பெயர், நான்கெல்லை ஆகிய ஐந்தையும் தனித்தனிச் சுட்டிகளாகத் தொடக்கத்திலேயே வைக்கவேண்டும். பின்னால் சேர்ப்பதென்றால் ஒவ்வொரு ஏட்டையும் மறுபடி திறக்க வேண்டிவரும்.