பேகன் மலையில் ஆங்கிலக் கவிதை

கோடைக்கானலுக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது ஏரிக்கு வழி. அந்த ஏரி இயற்கை தந்ததன்று. மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ் துரை 1863-ல் நீரைத் தேக்கி உண்டாக்கியது. அதற்கும் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1845-ல், மதுரை வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சிய அமெரிக்கப் பாதிரிமார் இங்கே வீடு கட்டிக்கொண்டார்கள். 1901-ல் அவர்களுடைய பிள்ளைகளுக்காக ஹைகிளர்க் பள்ளிக்கூடம் ஏற்பட்டது. இன்று கோடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் என்று வழங்குவது அதுதான்.

வந்தவர்கள் தங்கள் மொழிப் பாட்டையும் கூடவே கொண்டுவந்தார்கள். அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? எந்த ஊருக்குக் குடிபோனாலும் தாயின் தாலாட்டை விட்டுவிட்டுப் போகிறவர் உண்டோ? மலைக்குக் கீழே, வேட்டி கட்டிய நம் பிள்ளைகளுக்கும் அதே பாட்டுத்தான் பாடமாயிற்று என்பதுதான் விந்தை.

1835-ல் மெக்காலே தம் புகழ்பெற்ற குறிப்பை எழுதினார். 1857-ல் சென்னைச் சர்வகலாசாலை தோன்றியது. ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியம் தனிப் பட்டப் படிப்பானது 1890-களில், கேம்பிரிட்ஜில் 1917-ல். அவர்கள் தங்கள் கவிதையைப் பட்டத்துக்குரிய பாடமென்று ஒப்புக்கொள்ளுமுன்பே நம்மவர்கள் அதைப் பரீட்சைக்கு உருப்போட்டுக்கொண்டிருந்தார்கள்!

வோர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் பாட்டையே எடுத்துக்கொள்வோம். 1802 ஏப்ரல் 15-ஆம் தேதி அவரும் தங்கை டாரத்தியும் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அந்த மஞ்சள் பூக்களைக் கண்டார்கள். தங்கை அன்றே நாட்குறிப்பில் எழுதிவைத்தாள். அண்ணனின் பாட்டு அச்சேறியது 1807-ல். பாட்டில் தங்கை இல்லை. கவிஞர் தனியே அலைகிறார். ஏன் அப்படி என்று ஒரு மாணவன் கேட்டிருந்தால் கவிதை பிறக்கும் வழியே அவனுக்குப் புலப்பட்டிருக்கும். ஆனால் பரீட்சைக்கு வேண்டியது வேறு. பூவை அவன் கண்டதில்லை. ‘ஒரு வகை மஞ்சள் மலர்’ என்று நோட்ஸ் சொல்லிற்று. உவமை எது, எதுகை எது என்று பட்டியல் போட்டால் மார்க்கு உண்டு.

இது நமக்கு மட்டும் வந்த நோய் அன்று. ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் ஆசிரியர், எழுதியவர் பெயரை மறைத்துச் சில கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார். ஆங்கிலமே தாய்மொழியாகக் கொண்டவர்களும் திக்குமுக்காடினார்கள். 1929-ல் அவர் வெளியிட்ட நூலில் அந்தத் தடுமாற்றங்களெல்லாம் இருக்கின்றன. பெயர் தெரிந்தால்தான் பாராட்டத் தெரியும் என்பது எல்லா நாட்டு மாணவர்க்கும் பொது. நமக்கு மட்டும் வந்த நஷ்டம் வேறொன்று: கவிதை என்பது தூர தேசத்துச் சரக்கு, நம் மலையில் அது விளையாது என்ற எண்ணம்.

அந்த மலையோ சாமானியமானதன்று! பழனியைச் சங்கப் புலவர்கள் பொதினி என்றார்கள். மயிலுக்குக் குளிருமென்று போர்வை ஈந்த பேகன் ஆண்ட நாடு இது. அவன் மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்தபோது, பொன்னும் பொருளும் வேண்டாம், அவள் கண்ணீரைத் துடை என்று கபிலரும் பரணரும் இன்னும் இருவரும் இரந்து பாடினார்கள். புறநானூற்றில் அந்தப் பாட்டுக்கள் இருக்கின்றன. அதே கபிலர் 261 அடியில் குறிஞ்சிப்பாட்டு எழுதி, 99 மலர்களை வரிசைப்படுத்தினார். யாருக்காக? ஆரிய அரசன் பிரகத்தத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்கு என்கிறது பழங்குறிப்பு. அந்நிய மாணவனுக்குக் கவிதை கற்பிக்க வந்த ஆசிரியர், நோட்ஸ் கொடுக்கவில்லை, மலையைக் காட்டினார்.

ஆங்கிலப் படிப்பு வீண் என்று சொல்லிவிடலாமா? கூடாது. மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றவர் ஏ. கே. ராமானுஜன். 1962-ல் சிக்காகோ சர்வகலாசாலை நூலகத்தின் அடித்தளத்தில் குறுந்தொகைப் பதிப்பொன்று அவர் கையில் அகப்பட்டது. ஆங்கிலக் கவிதையின் சொல்லைச் சொல்லாக நிறுத்துப் பார்க்கப் பழகிய கண், அந்த நாலைந்து அடிப் பாட்டுக்களில் இருந்த செட்டைக் கண்டுகொண்டது. 1967-ல் அவருடைய மொழிபெயர்ப்பு வெளிவந்தது. குறிஞ்சித் திணை உலகத்தார் வாசிப்பில் ஏறியது. ஏரியைப் பற்றிப் படித்த படிப்பே மலையைக் காணவும் உதவிற்று. ஆனால் அதற்குச் சிக்காகோ வரை போகவேண்டியிருந்தது!

கோடைக்கானலில் குறிஞ்சி பூப்பது பன்னிரண்டாண்டுக்கு ஒரு முறை. 2018-ல் மலை நீலமாயிற்று. இனி 2030-ல் ஆகவேண்டும். அன்று அங்கே படிக்கும் பிள்ளைகள் வோர்ட்ஸ்வொர்த்தைத் தாராளமாகப் படிக்கட்டும். பாடம் முடிந்தபின் ஆசிரியர் அவர்களை வெளியே அழைத்துப்போய், ஒரு கிளையை வளைத்துக் காட்டி, கபிலர் பெயரையும் ஒரு தரம் சொன்னால் போதும்.